ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, கரோலின்



ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணை வாசிக்கப்படுகிறது. பெயர்களுக்குப் பின் பெயர்கள். வாசிப்பவருக்கும் கடினம், கேட்பவருக்கும் சோர்வு. எப்போது முடியும் என்று நம்மில் பலர் காத்திருப்போம். ஆனால் ஒரு குடும்பத்தின் பெயர்ப்பட்டியலில் எவ்வளவு அருளும் எவ்வளவு காயமும் மறைந்திருக்கக் கூடும் என்பதை ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் நம் ஜவ்வாது மலைக்கும் ஓர் உறவு உண்டு.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வரும். அங்கே 1968இல் ஒரு வான்நோக்கு நிலையம் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இல் அங்கு நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்தத் தொலைநோக்கி வழியாக நம் நாட்டு வானியலாளர்கள் அதைக் கவனித்தனர். கோள் மறைக்கும் முன்பும் பின்பும் விண்மீனின் ஒளி சற்றே மங்கியது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்த அந்த நாளில், அவற்றின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அந்த யுரேனசை 1781 மார்ச் 13 அன்று கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த பெயர் அது. ஆனால் அவருடைய தங்கை கரோலின் ஹெர்ஷலைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் இந்தக் குடும்பத்தின் வேர்களைப் பார்ப்போம். ஹெர்ஷல் குடும்பத்தின் முன்னோர் இன்றைய செக் நாட்டின் மொராவியா பகுதியில் வாழ்ந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புராட்டஸ்டன்ட் நம்பிக்கையின் காரணமாக அவர்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. கத்தோலிக்கரான நாம் இந்த வரியை விரைவாகக் கடந்துவிடக் கூடாது. அந்த நாட்டை ஆண்டவர்கள் கத்தோலிக்க மன்னர்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 மே மாதம் அதே மொராவியாவின் ஓலொமூச் நகருக்குச் சென்றபோது, அந்நாட்டு வரலாற்றில் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இழைக்கப்பட்ட தீமைகளுக்காகக் கத்தோலிக்கர் அனைவரின் பெயராலும் மன்னிப்பு வேண்டினார். ஹெர்ஷல் குடும்பத்தின் முன்னோரைப் போல் வீடிழந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

அந்தக் குடும்பத்தில் ஹான்ஸ் ஹெர்ஷல் என்பவர் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள பிர்னாவில் மதுவடிக்கும் தொழில் செய்தார். அவருடைய மகன் ஆபிரகாம், 1651இல் பிறந்தவர், தோட்டக்கலைஞர். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, 1707இல் பிறந்தவர். ஈசாக்கின் மூத்த மகன் யாக்கோபு. ஆம், மத்தேயு எழுதிய அட்டவணையின் முதல் மூன்று பெயர்களே இந்தக் குடும்பத்திலும் அதே வரிசையில் வருகின்றன! விவிலியத்தை வீட்டின் மையத்தில் வைத்து வாழ்ந்த மக்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

ஈசாக்கு தன் 11ஆம் வயதில் தந்தையை இழந்தார். தோட்ட வேலை கற்றாலும் மனம் இசையிலேயே இருந்தது. நம் நாகசுரம்போல் சீவாளி வைத்து ஊதும் ஓபோ என்னும் கருவியைக் கற்று, ஹனோவர் நகரில் இராணுவ இசைக்குழுவில் சேர்ந்தார். அன்னா என்ற பெண்ணை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆறு பேர் மட்டுமே பிழைத்து வளர்ந்தார்கள். 1743இல் டெட்டிங்கன் போர்க்களத்தில் ஓர் இரவு முழுவதும் ஈரத்தரையில் கிடந்ததால் ஈசாக்கின் உடல்நலம் கெட்டது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல அவரிடம் நிலமும் இல்லை, பணமும் இல்லை. இசையைக் கொடுத்தார். வானத்தைப் பார்க்கும் ஆசையைக் கொடுத்தார்.

கரோலின் 1750 மார்ச் 16 அன்று பிறந்த எட்டாவது குழந்தை. பத்து வயதில் வந்த கடும் காய்ச்சல் அவருடைய வளர்ச்சியை நிறுத்தியது. வாழ்நாள் முழுவதும் அவரது உயரம் நாலேகால் அடிதான். இவளுக்குத் திருமணம் நடக்காது என்று வீட்டார் முடிவு செய்தனர். ஆண்பிள்ளைகள் இசையும் மொழியும் கற்றபோது கரோலின் துணி துவைத்தார், காலுறை பின்னினார். எழுதப் படிக்க மட்டும் கற்றிருந்ததால், போருக்குப் போன கணவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் அனுப்பும் கடிதங்களை அந்தச் சிறுமியே எழுதிக் கொடுத்தாள்.

தாய் அன்னாவைக் கொடியவர் என்று நாம் சொல்லிவிட முடியாது. படித்த மகன்கள் ஒவ்வொருவராக வீட்டைவிட்டுப் போனார்கள். மகளும் படித்தால் போய்விடுவாள் என்ற அச்சம் அவருக்கு. வறுமையும் அச்சமும் சேர்ந்து எடுக்கும் இத்தகைய முடிவுகளை நம் மலைக் கிராமங்களிலும் சமவெளியிலும் நாம் இன்றும் காண்கிறோம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று மூத்த மகளின் படிப்பை நிறுத்தும் தாய்க்கும் அன்பு இல்லாமல் இல்லை.

தந்தை ஈசாக்கு மனைவியை எதிர்க்கவில்லை. ஆனால் மனைவி வீட்டில் இல்லாத நேரங்களிலும், அவர் நல்ல மனநிலையில் இருந்த வேளைகளிலும், மகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார். பனி பெய்த ஓர் இரவில் அவளைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, விண்மீன் கூட்டங்களையும் அப்போது தெரிந்த வால்வெள்ளி ஒன்றையும் காட்டினார். அவர் 1767இல் இறந்தார். அந்த இரவு மகளின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஆலய ஆர்கன் இசைஞராக இருந்த அண்ணன் வில்லியம், 1772இல் வந்து தங்கையை அழைத்துச் சென்றார். தாய் எளிதில் விடவில்லை. மகளுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக வில்லியம் ஏற்ற பிறகே அனுமதி கிடைத்தது. ஒரு மகளின் இடத்தை ஒரு வேலைக்காரியின் கூலியால் நிரப்பிவிடலாம் என்று குடும்பம் கருதியதை எண்ணும்போது நம் உள்ளம் கனக்கிறது.

பாத் நகரில் கரோலின் பாடகியானார். பின்பு அண்ணனின் ஆர்வம் வானத்தின் பக்கம் திரும்ப, அவரும் உடன் திரும்பினார். தொலைநோக்கிக்கான உலோகக் கண்ணாடியை வார்க்க, குதிரைச் சாணம் கலந்த அச்சு வேண்டும். அந்தச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவர்களில் கரோலினும் ஒருவர். வில்லியம் மணிக்கணக்கில் கண்ணாடியைத் தேய்த்தபோது அவருக்கு ஊட்டிவிட்டவரும் இவரே. 1783இலிருந்து இருபது ஆண்டுகள் அண்ணன் தொலைநோக்கியில் கண்டதைச் சொல்லச் சொல்ல, விளக்கருகே அமர்ந்து தங்கை எழுதினார். சுமார் 2,500 விண்முகில்களும் விண்மீன் திரள்களும் இவ்வாறு பதிவாயின. அந்த ஆண்டின் கடைசி இரவில் பனியில் சறுக்கி விழுந்து, இரும்புக் கொக்கி தொடையில் ஏறிய காயத்தையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

1786 ஆகஸ்டு 1 அன்று அண்ணன் ஊரில் இல்லாதபோது, கரோலின் தாமே ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். 1797க்குள் எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். 1787இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம் வழங்கினார். துணி துவைக்கப் போதும் என்று விடப்பட்ட பெண், அறிவியல் பணிக்கு ஊதியம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவரானார்.

வில்லியம் 1822இல் இறந்தார். கரோலின் ஹனோவருக்குத் திரும்பினார். வயது 72. அங்கே அமர்ந்து அண்ணனின் 2,500 பதிவுகளையும் புதிதாக வரிசைப்படுத்தி, அண்ணன் மகன் ஜானுக்கு அனுப்பினார். அந்த உழைப்புக்காக 1828இல் இலண்டன் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ஜான் அந்தப் பட்டியலைக் கொண்டு வடவானத்தை மீண்டும் ஆராய்ந்தார். பின்பு தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் குடும்பத்துடன் கப்பலேறி, தென்வானத்தையும் பதிவு செய்தார். வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும், 1888இல் வெளியான என்.ஜி.சி. பட்டியல் இந்த உழைப்பின் மேல் எழுந்ததே.

ஜானின் மகன்கள் இருவர் இந்தியாவுக்கு வந்தனர். வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் 1858இல் வங்காளத்தில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துடன் கைப்பதிவும் வாங்கினார். கைரேகையால் ஆளை அடையாளம் காணும் முறைக்கு அது ஒரு தொடக்கம். நியாயவிலைக் கடையில் நாம் விரல் வைக்கும்போது அவரை நினைக்கலாம். அவருடைய தம்பி ஜான், 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை இன்றைய கர்நாடகத்தின் ஜம்கண்டியிலிருந்து ஆராய்ந்தார். ஹான்சிலிருந்து ஆறு தலைமுறைகள்!

இக்குடும்பத்தின் கதையை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிவதற்குக் காரணம் யார்? கரோலின்தான். தந்தையின் வறுமை, தாயின் அச்சம், அண்ணனின் உழைப்பு ஆகிய அனைத்தையும் முதுமையில் நினைவுக் குறிப்புகளாக எழுதி வைத்தவர் அவரே. குடும்பம் எண்ணிக்கையில் சேர்க்காத மகளே குடும்பத்தின் நினைவானார்.

அன்பார்ந்தவர்களே, மத்தேயுவின் அட்டவணையும் தந்தையர் பெயர்களின் பட்டியல்தான். ஆனாலும் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, இறுதியில் மரியா என ஐந்து பெண்களை நற்செய்தியாளர் அதில் நிறுத்தியிருக்கிறார். ஊர் ஒதுக்கியவரும் அந்நிய நாட்டவரும் அவர்களில் உண்டு. மனிதர் விட்டுவிடும் பெயர்களை இறைவன் விடுவதில்லை. நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் எழுதப்படுகிறது. ஆனால் நம் வீடுகளில் வம்சம் சொல்லும்போது அத்தைமாரின் பெயர்களும் சின்னம்மாக்களின் பெயர்களும் எங்கே போகின்றன? மணமாகாமல் வீட்டுக்காக உழைத்துத் தேய்ந்த அந்த அக்காவை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இந்த வாரம் இரண்டு செயல்களைச் செய்வோம். நம் வீட்டில் வயதில் மூத்தவரிடம் அமர்ந்து, மறக்கப்பட்ட பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வைப்போம், அவர்களுக்காகச் செபிப்போம். நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படிப்பு நின்றுபோன மகள் இருந்தால், அவள் மீண்டும் பள்ளி செல்ல வழி தேடுவோம்.

கரோலின் 1848 ஜனவரி 9 அன்று, 97ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பெட்டியில், அவர் விரும்பியபடி, அண்ணனின் தலைமுடிக் கற்றை ஒன்றும் தந்தை பயன்படுத்திய பழைய பஞ்சாங்கம் ஒன்றும் வைக்கப்பட்டன. அவர் 1788இல் கண்ட வால்வெள்ளி 1939இல் மீண்டும் வந்தது. 2092இல் மறுபடியும் வரும் என்று கணித்திருக்கிறார்கள். அன்று ஜவ்வாது மலையில் நின்று வானம் பார்க்கப் போவது நம் பேத்திகளின் பிள்ளைகள். அதன் பெயரை வாசிக்கவும் அதன் பாதையைக் கணக்கிடவும் தெரிந்தவர்களாக அவர்கள் நிற்க, இன்றே நம் மகள்களைப் படிக்க வைப்போம்.

விண்மீன்களை எண்ணி, அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.