பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்
உலகம் சுற்றிய இப்னு பதூதாவின் கதை

மும்பையிலிருந்து கொங்கண் ரயில் பாதை வழியாகக் கேரளம் போகிறவர்கள் ஹொன்னாவர், மங்களூர், ஏழிமலை, கோழிக்கோடு, கொல்லம் என்ற பெயர்களை நிலையப் பலகைகளில் பார்த்திருப்பார்கள். 1998-ல் அந்தப் பாதை முழுவதும் திறக்கப்பட்ட பிறகு, கோவாவிலிருந்து கொல்லம் வரை ஒரு நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் இதே கரைக்கு வந்த ஒரு வெளிநாட்டார், இது இரண்டு மாத நடை என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கரையில்தான் அவர் தம் உத்தியோகத்தையும் உடைமையையும் ஒரே இரவில் பறிகொடுத்தார். அவர் பெயர் இப்னு பதூதா.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், மொராக்கோ நாட்டின் டாஞ்சியர் நகரில், 1304-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நீதிபதிகள் வந்த குடும்பம். 1325-ல், 21-ஆம் வயதில், மக்காவுக்கு யாத்திரை போவதற்காகத் தாய் தந்தையரிடம் விடைபெற்றுத் தனியே புறப்பட்டார். யாத்திரை முடிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் ஊர் பார்க்கும் ஆசை அவரை விடவில்லை. பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி, 1333-ல் சிந்து நதிக் கரையை அடைந்தார்.

டில்லி உத்தியோகம்

அப்போது டில்லியை ஆண்டவர் முகம்மது பின் துக்ளக். வெளிநாட்டிலிருந்து வரும் படித்தவர்களுக்குப் பெரிய பதவியும் கைநிறையச் சம்பளமும் கொடுப்பது அவர் வழக்கம். இப்னு பதூதாவுக்கு டில்லியின் காஜி, அதாவது நீதிபதி, பதவி கிடைத்தது. ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம். உள்ளூரில் வழங்கிய பாரசீக மொழி அவருக்குச் சரியாக வராததால் உதவிக்கு இருவர் நியமிக்கப்பட்டார்கள்.

சம்பளம் பெரிது, செலவு அதைவிடப் பெரிது. சுல்தானுக்குக் காணிக்கை கொடுக்கவும் ஆடம்பரமாக வாழவும் கடன் வாங்கி, அது 55,000 தீனாராக வளர்ந்து நின்றது. கடன்காரர்கள் அரண்மனை வாசலில் வந்து முறையிட, கடைசியில் சுல்தானே அதைத் தீர்த்து வைத்தார்.

ஆனால் அந்தச் சுல்தான் கொடுக்கும் கையாலேயே தலையையும் எடுப்பவர். அவருடைய கோபத்துக்கு ஆளான ஒரு பெரியவரை இப்னு பதூதா போய்ப் பார்த்திருந்தார். பெரியவருக்கு மரண தண்டனை. பார்க்கப் போனவருக்குக் காவல். அடுத்தது நம் தலைதான் என்று பட்டினி கிடந்து பிரார்த்தனை செய்தார். எப்படியோ உயிர் தப்பியதும், கையில் இருந்ததையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவிகளோடு போய் ஒதுங்கினார்.

சில மாதம் கழித்து சுல்தான் கூப்பிட்டனுப்பினார். தண்டனைக்கு அல்ல, சீனச் சக்கரவர்த்திக்குத் தூதராகப் போவதற்கு. 100 குதிரைகள், 100 ஆண் அடிமைகள், ஆடவும் பாடவும் தெரிந்த 100 அடிமைப் பெண்கள், விலை உயர்ந்த துணிகள், தங்கப் பாத்திரங்கள் எல்லாம் பரிசுப் பொருள்களாக ஒப்படைக்கப்பட்டன. 1341-42-ல் தூதுக் குழு புறப்பட்டது. அலிகார் பக்கம் கொள்ளையரிடம் சிக்கித் தப்பி, தௌலதாபாத் வழியாகக் காம்பே போய், அங்கிருந்து தெற்கே வந்து கப்பல் ஏறினார்.

மலபார்க் கரை

கோவாவைக் கடந்து ஹொன்னாவரில் இறங்கியவருக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அந்தச் சிறிய ஊரில் பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் இருந்தன. பெண்கள் குர்ஆனை மனப்பாடமாக ஓதினார்கள். வேறெங்கும் இப்படிக் கண்டதில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

மலபார் வழி முழுவதும் மர நிழல். அரை மைலுக்கு ஒரு மரத்தாலான தங்குமிடம், உட்காரத் திண்ணை, பக்கத்தில் கிணறு, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். இந்துக்களுக்குப் பாத்திரத்திலும் முஸ்லிம்களுக்குக் கையில் ஊற்றியும் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். ராஜாவைத் தவிர யாரும் குதிரை ஏறுவதில்லை. வியாபாரச் சரக்கெல்லாம் கூலியாட்களின் தோளில்தான் போயிற்று. திருட்டுக்கு மிகக் கடுமையான தண்டனை. அதனால் வழியில் விழுந்து கிடக்கும் தேங்காயைக்கூட உரியவர் வரும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். தென்னையில் ஏறிப் படரும் மிளகுக் கொடியையும், கோழிக்கோட்டில் மிளகைத் தானியம் போல அளந்து கொட்டுவதையும் கண்டு வியந்தார். ராஜாவின் பட்டம் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போவது அவருக்குப் புதுமையாக இருந்தது.

ஒரே ஒரு குறை, சாப்பாடு. ரொட்டி தின்று வளர்ந்தவருக்கு மூன்று வேளையும் அரிசிச் சோறு. பிற்பாடு ஹொன்னாவர் சுல்தானிடம் தங்கிய 11 மாதமும் ரொட்டியைக் கண்ணால் காணவில்லை. தண்ணீர் குடித்தால்தான் சோறு உள்ளே இறங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். வடக்கே வந்த புதிதில் சப்பாத்தியை விழுங்கத் தெரியாமல் விழித்த நம்மவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்!

இடம் கிடைக்காத கப்பல்

கோழிக்கோட்டுத் துறைமுகத்தில் அப்போது 13 சீனக் கப்பல்கள் நின்றன. பெரிய கப்பல் ஒன்றில் ஆயிரம் பேர் வரை வேலை செய்வார்கள். மூங்கில் கீற்றுகளைப் பாய் போல முடைந்த பாய்மரங்கள் பன்னிரண்டு வரை இருக்கும். மரத் தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிடுவார்கள். காற்றுக்காக மூன்று மாதம் காத்திருந்து, புறப்படும் நேரத்தில் பார்த்தால் வசதியான அறைகளையெல்லாம் சீன வியாபாரிகள் முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். தூதருக்குக் கிடைத்தது கழிப்பறை இல்லாத சிறிய அறை. குடும்பத்தோடு போகிற அவருக்கு அது ஒத்துவரவில்லை. பரிசுப் பொருள்களைப் பெரிய கப்பலில் விட்டுவிட்டு, தம் சாமான்களையும் தம்முடைய ஆட்களையும் பக்கத்தில் நின்ற சிறிய கப்பலுக்கு மாற்றினார். அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக அவர் மட்டும் கரையில் தங்கினார்.

அந்த இரவு கடல் கொந்தளித்தது. கோழிக்கோட்டில் கப்பல் ஒதுங்க மறைவான இடம் கிடையாது. பரிசுப் பொருள்கள் இருந்த பெரிய கப்பல் கரையில் மோதிச் சிதறியது. உடன் வந்த தூது அதிகாரிகளின் பிணங்கள் ஒதுங்கின. இதைப் பார்த்த சிறிய கப்பல்காரர்கள் பாயை விரித்துக் கடலுக்குள் போய்விட்டார்கள். அதில்தான் அவருடைய பணம், சாமான், கர்ப்பமாயிருந்த ஓர் அடிமைப் பெண் எல்லாம் இருந்தன. கரையில் நின்றவர் கையில் மிஞ்சியது பத்துத் தீனாரும், படுத்திருந்த விரிப்பும்தான்.

சாமூதிரி ராஜா தாமே வெறுங்காலோடு கடற்கரைக்கு வந்து நின்றார். அவருடைய சேவகர்கள் ஒதுங்கிய சரக்கை யாரும் அள்ளாதபடி விரட்டினார்கள். மற்ற மலபார்த் துறைமுகங்களில் உடைந்த கப்பலின் சரக்கு அரசனுக்குச் சேரும், கோழிக்கோட்டில் மட்டும் உரியவருக்கே சேரும். அந்த ஊருக்குக் கப்பல்கள் கூட்டமாக வந்ததற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம்.

சிறிய கப்பல் கொல்லத்துக்கு வரும் என்று சொன்னார்கள். விரிப்பைச் சுமக்க ஒரு கூலியாளைப் பிடித்துக்கொண்டு, காயல் வழியே பத்து நாள் போய்ப் பார்த்தார். அது வரவில்லை. சுமத்ராவில் அது பறிமுதலானதும், அந்தப் பெண் இறந்ததும் பிறகுதான் தெரிந்தது.

டில்லிக்குத் திரும்பி நடந்ததைச் சொல்லலாமா என்று யோசித்தார். ஒப்படைத்த பொருளை விட்டு நீ ஏன் கரையில் இருந்தாய் என்று சுல்தான் கேட்டால் என்ன பதில் சொல்வது? புயல் அடித்தது இவர் குற்றமில்லை. ஆனால் அந்தச் சுல்தானிடம் காரணம் எடுபடாது என்பதைக் காவலில் இருந்த நாட்களிலேயே கண்டவர். கடைசி வரை அவர் டில்லிக்குத் திரும்பவே இல்லை.

தீவும் தமிழகமும்

பிறகு மாலத்தீவு போனார். அங்கும் காஜி பதவி கிடைத்தது, திருமணங்களும் நடந்தன. தீவு மக்களைத் தம் ஊர்க் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்று, பிரதானிகளின் பகையைச் சம்பாதித்து, 1344-ல் வெளியேறினார். இலங்கையில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். பாரசீக மொழி அறிந்த அந்த அரசர் முத்துக்கள் கொடுத்து, பல்லக்கும் துணைக்கு யோகிகளும் பிராமணர்களும் அனுப்பி, சிவனொளிபாத மலை ஏற ஏற்பாடு செய்தார்.

அங்கிருந்து சோழ மண்டலக் கரைக்கு வந்தபோது கரைக்கு அருகில் கப்பல் உடைந்தது. உடன் வந்த பெண்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே இருந்து, விடிந்ததும் கரையேறினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை. ஆனாலும் அந்தச் சுல்தான் கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை உறவுக்காக மறைக்காமல், கண்டித்தே எழுதி வைத்திருக்கிறார். மதுரையில் கொள்ளை நோய் பரவி, கண்டவர்கள் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் மாண்டார்கள். அவருக்கும் காய்ச்சல் கண்டது. புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே பிழைத்ததாகச் சொல்கிறார்.

திரும்பும் வழியில் ஹொன்னாவருக்கு அருகே கடற்கொள்ளையர் வளைத்து, முத்தும் மாணிக்கமும் குறிப்பேடுகளும் உட்பட எல்லாவற்றையும் பறித்து, கால்சட்டையோடு கரையில் இறக்கிவிட்டார்கள். அப்போதும் அவருக்குத் துணி கொடுத்தவர்கள் கோழிக்கோட்டார்தான். பின்னர் வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனம் வரை போனதாகச் சொல்கிறார். சீனப் பகுதியைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சிலருக்குச் சந்தேகம் உண்டு.

வீடு

1347-ல் மறுபடி கொல்லம், கோழிக்கோடு வழியாக மேற்கே திரும்பினார். 1348-ல் டமாஸ்கஸ் நகரை அடைந்தபோது ஊர்க்காரர் ஒருவர் மூலம் சேதி கிடைத்தது. தகப்பனார் இறந்து 15 ஆண்டு ஆகிவிட்டது. தாயார் உயிரோடிருக்கிறார். அந்த ஆண்டு எங்கும் கொள்ளை நோய். ஊர் ஊராகப் பிணம் விழும் பாதையில் தாயாரைப் பார்க்க அவர் திரும்பி நடந்தார். 1349-ல் மொராக்கோவுக்குள் நுழைந்து, தாஸா என்ற ஊரை எட்டியபோது, தாயாரையும் அந்த நோய் கொண்டுபோய்விட்டது என்று சொன்னார்கள். புறப்பட்டு 24 ஆண்டுக்குப் பிறகு டாஞ்சியர் வந்த மகன் பார்த்தது தாயின் கல்லறையை.

அதன் பிறகும் ஸ்பெயினுக்கும், சகாரா பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் போய் வந்தார். மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்ற புலவர் எழுதி 1355-ல் முடித்த நூல்தான் ரிஹ்லா. கடைசிக் காலத்தில் மொராக்கோவிலேயே நீதிபதியாக இருந்து, 1368-69 வாக்கில் காலமானார். அவர் சுற்றிய தூரம் சுமார் 1,17,000 கிலோமீட்டர் என்பார்கள். இன்று டாஞ்சியர் நகரத்து விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

நாமும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தான். அவர் காலத்தில் ஒரு சேதி வந்து சேர 15 ஆண்டு ஆயிற்று. நமக்கு அந்தக் குறை இல்லை. லீவு எழுதிக் கொடுத்து, டிக்கெட் எடுத்தால் இரண்டு நாளில் ஊர். பெற்றவர்கள் இருக்கும்போதே ஒரு முறை போய் வந்துவிட வேண்டும்.