தளராத வீரர் ஜானி பிரைட்

உடல்வலி படைத்தோர் உலகிற் பலர். அவ்வலியை ஆடுகளத்திற் காட்டிப் புகழெய்தினோரும் பலர். ஆயின், பிறர் தமக்கிழைத்த தீங்கினால் உள்ளங் கசந்துபோகாது, தம் கடமையைத் தொடர்ந்து ஆற்றியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜானி பிரைட் என்னும் கறுப்பின வீரர்.

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்திலுள்ள ஃபோர்ட் வெய்ன் நகரில், 1930ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் பிரைட் பிறந்தார். பள்ளியிற் பயின்ற காலத்திலேயே ஓட்டம், கூடைப்பந்து, கால்பந்து ஆகிய மூன்றிலும் சிறந்து விளங்கினார். பின்னர், அயோவா மாநிலத்தின் தலைநகராகிய டி மாய்னில் அமைந்த டிரேக் பல்கலைக்கழகத்தில், ஓட்டப்பந்தய வீரர்க்குரிய உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். அது மாணவர் தொகையிற் சிறிய நிறுவனம். அதன் பெயரை நாடெங்கும் அறியச் செய்தவர் பிரைட்டே ஆவார்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து போன்றதன்று. அதன் பந்து இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். பக்கத்திற்குப் பதினொருவராக நின்று ஆடுவர். பந்தைக் கையில் ஏந்தி எதிரணியினரைக் கடந்து ஓடலாம். முன்னோக்கி எறிந்து தம் அணியினர் ஒருவரைப் பற்றச் செய்தலும் உண்டு. ஓடுவதில் வல்லவர் எறிவதிலும் வல்லராதல் அரிது. பிரைட் இரண்டிலும் வல்லவர். ஓடியும் எறிந்தும் முன்னேறிய தொலைவைக் கூட்டிக் கணக்கிட்டபோது, 1949, 1950 ஆகிய ஈராண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரி வீரர் அனைவருள்ளும் அவரே முதல்வராக நின்றார்.

1951ஆம் ஆண்டுப் பருவம் டிரேக் அணிக்கு நன்றாகவே தொடங்கிற்று. முதல் ஐந்து ஆட்டங்களிலும் அவ்வணி வென்றது. ஆறாம் ஆட்டத்திற்காக ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகருக்கு அவ்வணியினர் சென்றனர். அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது. எனினும், நிறவேற்றுமை ஒழிந்திலது. ஓக்லஹோமாவில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பள்ளியிலும் ஊர்தியிலும் பிரித்து வைக்கும் சட்டங்கள் அப்போதும் நடைமுறையில் இருந்தன. பிரைட் அன்றைய ஆட்டத்தை முடிக்கமாட்டார் என்னும் பேச்சு, ஆட்டத்திற்கு முன்பே அந்நகரில் உலவியது.

அக்டோபர் 20ஆம் நாள் ஆட்டம் தொடங்கிற்று. பிரைட் பந்தைத் தம் தோழர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஆட்டம் நிகழும் இடத்திற்கு வெகுதொலைவில் வாளா நின்றார். அப்போது எதிரணி வீரர் ஒருவர் பாய்ந்து வந்து, முன்கையால் அவர் முகத்தில் ஓங்கித் தாக்கினார். பிரைட்டின் தாடை எலும்பு முறிந்தது. அவர் நினைவிழந்து வீழ்ந்தார். சிறிது நேரத்தில் தெளிந்தெழுந்த அவர், களத்தை விட்டு அகன்றாரல்லர். தம்மைத் தாக்கியவர்மீது பாய்ந்தாருமல்லர். முறிந்த தாடையோடு நின்று, 61 கஜத் தொலைவுக்குப் பந்தை எறிந்து தம் அணிக்கு வெற்றிப் புள்ளிகளைத் தேடித் தந்தார். ஆயினும், முதல் ஏழு நிமிடங்களுக்குள் மும்முறை தாக்கி வீழ்த்தப்பட்டமையால், அவர் களத்தினின்று வெளியேற நேர்ந்தது. டிரேக் அணி 27க்கு 14 என்னும் கணக்கில் தோல்வியுற்றது.

இக்கொடுமை மறைந்தொழியாதபடி காத்தது ஒரு புகைப்படக் கருவி. டி மாய்ன் நாளிதழைச் சார்ந்த ஜான் ராபின்சன், டான் உல்டாங் என்னும் இருவர் எடுத்த படங்கள், பந்து ஓரிடத்திலும் பிரைட் வேறோரிடத்திலும் இருந்ததை ஐயத்திற்கிடமின்றிக் காட்டின. 1952ஆம் ஆண்டு அவ்விருவரும் புலிட்சர் பரிசு பெற்றனர். தலையணியில் முகக்காப்பு அமைக்கவும், முறையற்ற தாக்குதலைத் தடுக்கவும் பின்னர் விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால், தாக்கியவர்மீது அவர்தம் கல்லூரியோ, போட்டிகளை நடத்திய குழுவோ நடவடிக்கை எடுக்கவில்லை. அதனைக் கண்டித்து டிரேக் பல்கலைக்கழகம் அக்குழுவினின்று விலகியது; பிராட்லி பல்கலைக்கழகமும் உடன் விலகியது.

1952ஆம் ஆண்டில் பிலடெல்பியாவின் தொழில்முறை அணி பிரைட்டைத் தன் முதல் தேர்வாக விரும்பி அழைத்தது. அவ்வணியில் அதுகாறும் கறுப்பினத்தவர் எவரும் ஆடியதில்லை. அங்கே தமக்கு எத்தகைய நடத்தை கிட்டுமோ என எண்ணிய பிரைட், அவ்வழியை விடுத்துக் கனடா நாடு சென்றார். முதலிற் கால்கரி அணியிலும், 1954ஆம் ஆண்டு முதல் எட்மன்டன் அணியிலும் ஆடினார். 1954, 1955, 1956 ஆகிய மூன்றாண்டுகளும் எட்மன்டன் அணி கிரே கோப்பையைத் தொடர்ந்து வென்றது. 1959ஆம் ஆண்டில் கனடாவின் தலைசிறந்த கால்பந்து வீரர் என்னும் விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1964ஆம் ஆண்டு ஓய்வு பெறுமுன், பந்தோடு அவர் ஓடிக் கடந்த தொலைவு 10,909 கஜம். அந்நாளில் அந்நாட்டில் அதனை விஞ்சினார் இலர்.

எனினும், ஆடுகளப் புகழொன்றே அவர் வாழ்வன்று. டிரேக்கில் கல்வியியற் பட்டம் பெற்றிருந்த அவர், ஆடிய காலத்திலேயே எட்மன்டனில் ஆசிரியப் பணியும் ஏற்றார். பின்னர்த் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1962ஆம் ஆண்டு கனடாவின் குடிமகனானார். தம்மை இழிவுபடுத்திய உலகிற்கு, இளஞ்சிறார்க்குக் கல்வி புகட்டுவதையே அவர் விடையாகத் தந்தார். 1983ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள், கால்முட்டியின் பழைய காயத்திற்காக மருத்துவமனை சென்றிருந்தபோது, மாரடைப்பால் தம் 53ஆம் வயதில் மறைந்தார்.

நீதி தாமதமாகவே வந்தது. தாக்குதல் நிகழ்ந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2005ஆம் ஆண்டில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் டிரேக் பல்கலைக்கழகத்திற்குத் தம் வருத்தத்தை எழுதித் தெரிவித்தனர். அதனைக் கேட்டு மகிழப் பிரைட் உயிரோடு இல்லை. 2006ஆம் ஆண்டு டிரேக் தன் ஆடுகளத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. எட்மன்டனில் 2010ஆம் ஆண்டு ஒரு பள்ளி அவர் பெயரால் திறக்கப்பட்டது.

ஒரு பருவத்தின் வெற்றியைப் பகைவர் பறித்தனர். அவர்தம் பண்பைப் பறிக்க அவர்களால் இயலவில்லை. தீங்கைக் கண்டு தளராமலும், தீங்கிற்குத் தீங்கு செய்யாமலும், நற்பணியில் நிலைத்து நிற்பவரே உண்மை வீரர் என்பதை ஜானி பிரைட்டின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.