செவிச்செல்வர் பிலிப் லார்க்கின்

கலைகளை ஆக்கியோர் வரலாறு நூல்களிற் பலவாகக் காணப்படும். அவற்றைச் சுவைத்தோர் வரலாறோ அரிதாகவே எழுதப்படும். பாடினவர் பெயர் உலகில் நிலைக்கின்றது. பாட்டைக் கேட்டு உள்ளம் உருகினவர் பெயரை எவரும் குறித்து வைப்பதில்லை. ஆயினும் கேட்பாரின்றிப் பாட்டுக்குப் பயன் யாது? கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த நம் திருவள்ளுவனார், செவியாற் பெறும் பொருளை ஏனைய பொருள்கள் அனைத்துக்கும் மேலாக வைத்தார். அவர் கருதியது அறிவுடையோர் சொற்கேட்டலையே எனினும், இசை கேட்டலுக்கும் அது பொருந்துவதேயாம். மேடையேறி இசைத்துப் புகழ் பெறாமல், இசைத்தட்டுக்களைத் தேடித் தொகுத்துக் கேட்டலையே வாழ்நாள் முழுதும் ஒரு நோன்புபோற் கொண்ட ஆங்கிலப் புலவர் ஒருவரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம். அவரே பிலிப் லார்க்கின் என்பார். கவிஞராக அவரை நம் கல்லூரி மாணவர் பலர் அறிவர்; ஜாஸ் இசையின் சுவைஞராக அவரை அறிந்தோர் சிலரே.

லார்க்கின் 1922-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள காவன்ட்ரி நகரிற் பிறந்தார். தந்தையார் சிட்னி அந்நகராட்சியின் பொருளாளராய் இருந்தார். தாயார் ஈவா என்னும் அம்மையார். ஒரே தமக்கையார் அவருக்குப் பத்தாண்டு மூத்தவர். ஆகவே வீட்டில் உடன் விளையாடுவார் இலர். சிறுவனுக்குக் கிட்டப்பார்வைக் குறை இருந்தது. அதனோடு திக்குவாயும் இருந்தது. பேச நாணிய அப்பிள்ளைக்குக் கேட்டலே பேரின்பமாயிற்று. நகரத்து அரங்குக்கு நடன இசைக் குழுவினர் வரும்போதெல்லாம், அவர்களுள் முரசு கொட்டுவோரையே அவன் கண் கொட்டாது பார்த்திருப்பான். தந்தையார் கண்டிப்பு மிக்கவராயினும் மைந்தனது வேட்கையைத் தடுத்தாரல்லர். முரசுத் தொகுதி ஒன்றும் சாக்ஸபோன் என்னும் குழற்கருவி ஒன்றும் வாங்கித் தந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிவரும் டௌன் பீட் என்னும் ஜாஸ் இதழுக்குச் சந்தாவும் கட்டினார்.

ஜாஸ் என்பது யாது என வினவுவார்க்குச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரில், 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலையில் வளர்த்தெடுத்த இசையே ஜாஸ். எக்காளமும் கிளாரினெட்டும் முரசும் பிறவும் கூடி முழங்க, தெரிந்ததொரு மெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் அந்த நொடியிலே தம் கற்பனையால் அதனை விரித்துச் செல்வர். நம் வித்துவான்கள் கற்பனைச் சுரம் பாடுவதை அறிந்தோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். இங்ஙனம் பிறக்கும் இசையைத் தாளில் முற்ற எழுதி வைத்தல் இயலாது. நியூ ஆர்லியன்ஸில் ஒருவன் ஊதிய மூச்சைக் காவன்ட்ரியில் ஒரு சிறுவன் கேட்பதற்கு இசைத்தட்டு ஒன்றே வழி. பழந்தமிழ் நூல்களுக்கு ஓலைச்சுவடி எத்தகையதோ, ஜாஸ் இசைக்கு இசைத்தட்டு அத்தகையது. ஆதலின் தட்டுத் தொகுத்தல் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என எண்ணிவிடலாகாது. அஃது ஏடு தேடுதலை ஒத்த செயலாகும்.

அக்காலத்துத் தட்டுக்கள் பெரும்பாலும் பத்து அங்குல அகலமுடையன. நிமிடத்துக்கு 78 முறை சுழல்வன. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். அவற்றுக்கு வேண்டிய அரக்கு நம் இந்தியக் காடுகளில் திரட்டப்பட்டுக் கப்பலேறிச் சென்றதென்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. கைதவறின் தட்டு உடைந்துபோகும்; எஃகு ஊசி ஓயாது உராய்தலால் தேய்ந்தும் போகும். லார்க்கினும் அவருடைய பள்ளித்தோழர் ஜேம்ஸ் சட்டனும் இத்தகைய தட்டுக்களைக் கிராமபோனில் இட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டனர். மூன்றே நிமிடமாதலின் ஒவ்வொரு சுரமும் அவர்தம் நெஞ்சிற் பதிந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளமும், சிட்னி பெஷேயின் குழலும், பெஸ்ஸி ஸ்மித்தின் கனத்த குரலும் அவருக்கு உறவினரினும் நெருங்கியவை ஆயின.

1940-ஆம் ஆண்டில் லார்க்கின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துத் தூய யோவான் கல்லூரியிற் சேர்ந்தார். அவர் சென்ற சின்னாட்களில், நவம்பர் 14-ஆம் நாள் இரவு, ஜெர்மானிய விமானங்கள் காவன்ட்ரி நகரைக் குண்டுமாரியால் அழித்தன. பெற்றோரைத் தேடி ஓடிய மாணவர் அவர்கள் உயிர் பிழைத்திருத்தலை அறிந்து ஆறுதலுற்றார்; எனினும் அவர் இளமையிற் கண்ட நகரம் மீண்டிலது. பார்வைக் குறையால் படைக்கு ஏற்கப்படாமையின் அவர் தம் படிப்பைத் தொடர்ந்தார். கிங்ஸ்லி ஏமிஸ் என்னும் மாணவர் அங்கு அவருக்கு உயிர்த்தோழர் ஆனார். வெளியே போர் நடக்க, கல்லூரி அறைகளில் இவ்விளைஞர் கூடி, பீ வீ ரஸ்ஸல் என்பாரது கிளாரினெட்டு வளைந்து நெளிந்து செல்லும் இடங்களை வியந்து கேட்டனர். 1943-ஆம் ஆண்டில் லார்க்கின் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பிலே தேறினார்.

பின்னர் அவர் மேற்கொண்டது நூல்நிலையப் பணி. வெலிங்டன் என்னும் சிற்றூரில், கணப்புக்குக் கரியிடுதல் உட்பட எல்லாப் பணியும் தாமே செய்யும் நூலகராகத் தொடங்கி, லெஸ்டர், பெல்பாஸ்ட் நகரங்களின் உயர்கல்வி நிலையங்களிற் பணியாற்றி, 1955-ஆம் ஆண்டில் ஹல் பல்கலைக்கழகத்து நூல்நிலையத் தலைவரானார். இறக்குந்துணையும் அப்பதவியிலேயே இருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் வாடகை அறைகளில் வாழ்ந்த அவருக்கு விரும்பியபோது கிராமபோன் வைத்தல் எளிதாக இல்லை. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நீண்டநேரத் தட்டுக்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பழைய அரக்குத் தட்டுக்களின் இசை மறுபதிப்பாய் வெளிவரலாயிற்று. இழந்த நண்பரை மீண்டும் கண்டாற்போல் லார்க்கின் அவற்றை வரவேற்றார்.

இக்காலத்தில் அவர் இயற்றிய செய்யுளொன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. தந்தையார் 1948-ஆம் ஆண்டில் இறந்தபின் தாயார் தனித்திருந்தார். விடுமுறையில் வீட்டுக்கு வந்த மைந்தர் தம் அறையில் தட்டுக்களை ஓடவிட்டிருக்க, ஒன்றைக் கேட்ட தாயார் அது நன்றாயிருக்கின்றதென வெளியிலிருந்து கூறுகின்றார். அது கிங் ஆலிவரின் குழுவினர் 1923-ஆம் ஆண்டில், அதாவது கவிஞர் பிறந்த மறுவருடத்தில், பதிவு செய்த இசை. முப்பதாண்டுக்குப் பின் அவ்விசை ஒரு முதியவளையும் அவள் மகனையும் ஒரு நொடி இணைக்கின்றது. அந்நொடி கழிந்ததும் அவர்தம் தனிமை முன்னினும் மிகுந்து தோன்றுகின்றது. தட்டு மாறாதிருக்கக் கேட்பவர் மூப்படைதலைச் சுவைஞர் ஒருவரே இவ்வாறு எழுதியிருத்தல் கூடும். பெஷேயைப் பாராட்டியும் அவர் தனியொரு கவிதை யாத்தார்.

ஹல் நகரில் பூங்கா ஒன்றை நோக்கிய மேல்மாடி வீட்டில் லார்க்கின் மணம் புரியாது வாழ்ந்தார். பகலில் நூல்நிலையம், மாலையில் ஜாஸ் என அவர் நாட்கள் கழிந்தன. 1961-ஆம் ஆண்டு முதல் 1971-ஆம் ஆண்டு வரை டெய்லி டெலிகிராப் நாளிதழில் புதிய ஜாஸ் தட்டுக்களைக் குறித்து மதிப்புரை எழுதினார். முதற்கண் புதியவற்றையும் நடுநிலையோடு போற்ற முயன்றார். ஆனால் சார்லி பார்க்கருக்குப் பின்வந்த புதுநெறியும், ஜான் கோல்ட்ரேனின் நீண்ட வாசிப்பும் அவருக்கு இன்பந் தந்தில. தம் செவி உவவாததைப் பேனா புகழ்தல் பொய்யென அவர் உணர்ந்தார். மதிப்புரைகளைத் தொகுத்து 1970-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டபோது அதன் முகவுரையில் தம் கருத்தை வெளிப்படையாகவே உரைத்தார். இசையிற் பார்க்கர், கவிதையிற் பவுண்டு, ஓவியத்திற் பிக்காசோ ஆகிய மூவரும் கலையை மக்களின் இன்பத்தினின்று பிரித்துவிட்டனர் என்பது அவர் வாதம். இதற்குப் பலர் அவரைச் சினந்தனர். யாமும் இதனை முற்றும் ஒப்புதற்கில்லை. தம் இளமைக்கு இனித்தது ஒன்றே இனிமை எனக் கொண்டமையால் பெருங்கலைஞர் இருவரை அவர் இழந்தார் என்றே கருதுகின்றோம். ஆயினும் கற்றோர் கூட்டத்துக்கு அஞ்சித் தலையசைக்காத அவரது நேர்மையை நாம் மறத்தல் கூடாது.

இவ்விடத்தே ஒரு துயரச் செய்தியும் உண்டு. மதிப்புரை எழுதத் தொடங்குமுன்னரே, 1959-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்துக்கு வடக்கிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் உலாவியபோது, உடன் வந்தவர் செவிக்கு எட்டிய வானம்பாடியின் குரல் அவருக்கு எட்டவில்லை. அதனால் தம் செவி மங்குதலை அறிந்தார். அப்பறவையின் ஆங்கிலப் பெயரோ அவர் பெயரின் முற்பகுதியேயாகும்! பின்னாளில் செவிக்கருவி அணிந்தே கேட்டார். இளமையில் நெஞ்சிற் பதித்துக்கொண்ட இசையே அவருக்கு முதுமையில் ஊன்றுகோலாய் உதவியிருத்தல் வேண்டும். 1976-ஆம் ஆண்டில், தனித்தீவில் ஒதுங்கினால் உடன் வேண்டும் தட்டுக்கள் எவையென வானொலியார் வினவியபோது, ஆம்ஸ்ட்ராங்கையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் அவர் விட்டாரில்லை.

1984-ஆம் ஆண்டில் அரசவைக் கவிஞர் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதனை மறுத்தார். 1985-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், தமது 63-ஆம் அகவையில், உணவுக்குழாயிற் புற்றுநோயுற்று ஹல் நகரில் இறந்தார். மறுவருடம் பெப்ருவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நிகழ்ந்த நினைவு வழிபாட்டில் ஜாஸ் இசையும் ஒலித்தது. 2016-ஆம் ஆண்டில் அவ்வாலயத்துப் புலவர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

வரலாறு இத்துடன் முடிந்திருப்பின் எழுதுவோர்க்கு எளிதாயிருக்கும். ஆனால் 1992-ஆம் ஆண்டில் அவருடைய கடிதங்கள் அச்சேறின. நண்பர்க்குத் தனிமையில் எழுதிய அவற்றுட் சிலவற்றிலே கறுப்பின மக்களையும், இங்கிலாந்திற் குடியேறி வந்தோரையும் இழித்துரைக்கும் சொற்களைக் கண்டு அவர்பால் அன்புடையாரும் திடுக்கிட்டனர். ஆம்ஸ்ட்ராங்கை 20-ஆம் நூற்றாண்டின் பெருமக்களுள் ஒருவராகப் பிக்காசோவுக்கும் மேலாக மதித்த கை அதனை எழுதிற்று! விளையாட்டாக எழுதினார் என்பாரும் உளர். அக்காலத்து வழக்கென்பாரும் உளர். இவ்விரு விடையும் எமக்கு நிறைவளிக்கவில்லை.

1963-ஆம் ஆண்டிலே அவர் எழுதிய கட்டுரையொன்றில் வேறொரு குரலைக் கேட்கின்றோம். கறுப்பின மக்களின் துயரப் பாட்டு அவர்தம் பிறவிக் குணத்தால் எழுந்ததன்று. ஏமாற்றப்பட்டும் அச்சுறுத்தப்பட்டும் பட்டினியிடப்பட்டும் வாழ்ந்தமையால் எழுந்தது. அக்கொடுமை தீர்ந்தால் அப்பாட்டும் தீரக்கூடும் எனும் பொருள்பட அவர் எழுதினார். தாம் உயிரினும் விரும்பிய இன்பம் பிறர் துன்பத்தில் விளைந்ததென்பதை அவர் அறியாதவரல்லர். பெஸ்ஸி ஸ்மித்தின் குரலில் உள்ள வலியை அவர் செவி கேட்டது. அதன் காரணத்தை அவர் அறிவு கண்டது. ஆயினும் அக்குரலுக்குரிய மக்களை அயலவராகவே அவர் நெஞ்சம் நிறுத்திவிட்டது. செவிக்கும் நெஞ்சுக்கும் இடையே சாண் தூரமேயாயினும், நாற்பது ஆண்டு நடந்தும் அவர் அதனைக் கடந்து முடித்திலர்.

இக்குறையால் அவரை எள்ளி ஒதுக்குதல் எமது நோக்கமன்று. ஒரு கலையை எத்துணை உண்மையாக, எத்துணைக் காலம் காதலிக்கலாம் என்பதை அவரிடம் கற்கின்றோம். அக்காதல் எவ்விடத்தே நின்றுவிடக்கூடும் என்பதையும் அவரிடமே கற்கின்றோம். தட்டின் விலையைக் கடையிற் கொடுத்துவிட்டோமெனக் கேட்பவன் கடன் தீர்ந்துவிடுவதில்லை. நம் நாட்டிலும் பறையொலிக்கு மகிழ்ந்து, பறையறைவோரைத் திண்ணையிலேற்றாத வீடுகளை நாம் கண்டதில்லையா? பாட்டை உள்ளே அழைத்துப் பாடினவனை வாயிலில் நிறுத்தும் வழக்கம் ஓர் ஆங்கிலப் புலவருக்கு மட்டும் உரியதன்று. மாணவ நண்பர்காள்! நாமும் நாள்தோறும் எத்தனையோ இசை கேட்கின்றோம். கேட்ட குரலுக்குரியவர் நம் தெருவில் எதிர்ப்படுங்கால் அவரை எவ்வாறு நோக்குகின்றோம் என்று ஒருமுறை நம்மை நாமே வினவிக் கொள்வோமாக. செவிச்செல்வம் முழுச்செல்வம் ஆவது அவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையிலேயே அடங்கியுள்ளது.