அல்பிரூனியின் நீர்க்குடுவை

நம்மவரில் இரத்தின வணிகம் செய்தோர் உண்டு. கல் மெய்யா, போலியா என்பது அவர்களுக்குப் பிழைப்புக் கேள்வி. அதை உடைக்காமல், உரசாமல் அறிய வழி கண்டவர் அறிஞர் அல்பிரூனி.

கி.பி. 973இல் குவாரஸ்மில் பிறந்தார். 1017இல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டை வென்றபின் கஜ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இந்தியாவைப் பற்றி எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவர். நமக்கோ அவருடைய கூம்புக் குடுவைதான் வியப்பு. நீர் நிரப்பிய குடுவையில் பொன்னையோ மாணிக்கத்தையோ இடுவார்; குழல்வழி வழிந்த நீரை நிறுத்து, இட்ட பொருளின் எடையோடு ஒப்பிடுவார். குழலில் ஒரு துளி தங்கினாலும் கணக்குத் தப்பும். ஆகவே குடுவையையே திருத்தினார். வெந்நீர், குளிர்நீர் கன வேறுபாட்டையும் குறித்துவைத்தார். பொன்னுக்கு அவர் கண்ட எண் இன்றைய ஆய்வுக்கூட எண்ணுக்கு வெகு அருகில் நிற்கிறது.

1050 வாக்கில் கஜ்னியில் மறைந்தார். 1121இல் அல்காஸினி தம் தராசு நூலில் அவ்வெண்களைச் சேர்த்துக்கொண்டார்.