முடியை வெட்டிய பேரரசி... 'ரூயி' சீரியலின் நிஜக் கதை தெரியுமா?
சீன சீரியல் 'ரூயி' கிளைமாக்ஸ் பார்த்து அழுதீங்களா? ரூயி என்ற பெயர்தான் கற்பனை; அந்தப் பேரரசி நிஜம்.

1718-ல் பிறந்த உலநாரா, சிங் வம்சத்து சியான்லாங்கை அவர் இளவரசராக இருந்தபோதே மணந்தவர். 1750-ல் பேரரசி ஆனார்.

1765-ல் தென்சீனப் பயணத்தின்போது ஹாங்சோவில் திடீரென தன் முடியை வெட்டிக்கொண்டார். மஞ்சு வழக்கப்படி அது துக்கத்தின் அடையாளம். கணவர் உயிரோடு இருக்கும்போதே வெட்டினால்? கொதித்துப்போன சியான்லாங் அவரை பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த ஆண்டே உலநாரா இறந்தார். பேரரசிக்கான இறுதி மரியாதை கிடைக்கல. தனிக் கல்லறைகூட இல்லை. சியான்லாங்கின் இன்னொரு மனைவியின் கல்லறையில் ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ஏன் வெட்டினார்? அரண்மனைப் பதிவுகளில் அவர் தரப்பு இல்லவே இல்லை. 2018-ல் வந்த சீரியல், அந்த மௌனத்துக்குத்தான் காதல் என்று பெயர் வைத்தது.