துபாசி கட்டிய கோவில்

ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருகிறோம். திங்கள் காலை கடையைத் திறந்ததும் வேறு ஆளாகிவிடுகிறோம். விசுவாசத்திற்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான இந்தப் பிளவை நம் காலத்தின் பெரும் தவறுகளுள் ஒன்றாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கண்டது. நாமும் இதைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். ஆனால் எதிர்த்திசைப் பயணமும் ஒன்று உண்டு. கடைவீதியின் கணக்குகள் சத்தமில்லாமல் நம்மோடு கோவிலுக்குள் நுழைந்துவிடுகின்றன. இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் காண வேண்டுமானால், நம் புதுவையின் கனகராய முதலியாரை நினைத்துப் பார்க்கலாம்.

பேதுரு என்பது அவருடைய திருமுழுக்குப் பெயர். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக 20 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தார். துபாசி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. வணிகர்களிடம் துணிக்கு ஒப்பந்தம் பேச வேண்டும், முன்பணம் கொடுக்க வேண்டும், சொன்ன நாளில் சரக்கு கப்பலுக்கு வந்து சேர வேண்டும். ஊர் வழக்குகள் ஆளுநரிடம் போவதும் அவர் வழியாகத்தான்.

அந்தப் பதவியே சமயத்தோடு பின்னிக் கிடந்தது. இந்துவான நைனியப்பப் பிள்ளை 1716-இல் தண்டிக்கப்பட்டு 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர்மீது சுமத்தப்பட்ட பழி பின்னர் நீக்கப்பட்டது. தலைமைத் துபாசி கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்று இயேசு சபைக் குருக்கள் கம்பெனியை வற்புறுத்தி வந்தார்கள். ஆகவே முதலியாருக்கு விசுவாசம் பதவிக்குத் தடையாக இல்லை, தகுதியாகவே இருந்தது. இதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாகாது.

ஆயினும் அவருடைய பக்தியைப் பொய் என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். தொழிலில் வந்த பொருளைக் கொண்டு நகருக்கு மேற்கே ஒழுகரையில் புனித அந்திரேயாவுக்கு ஒரு கோவில் எழுப்பினார். இன்று அந்த இடத்தை ரெட்டியார்பாளையம் என்கிறோம். 1745 நவம்பர் 30, அந்திரேயாவின் திருநாளன்று அங்கே பெரும் விருந்து நடந்தது. ஆளுநர் துய்ப்ளேக்சும் அவர் மனைவியும் ஆலோசனைச் சபையினரும் வந்தார்கள். ஐரோப்பியருக்கு மேசை போட்டார்கள். அவர்களுக்கான உணவு புதுவையிலிருந்தே போயிற்று. பிராமணருக்குப் பிராமணரே சமைத்தார்கள். வேளாளர், செட்டியார், பொற்கொல்லர், நெசவாளர், எண்ணெய் வாணிகர் என ஒவ்வொருவரும் அவரவர் ஆசாரம் கெடாமல் உபசரிக்கப்பட்டார்கள். பல சாதி வணிகரோடும் நாள்தோறும் பழகிய ஒருவரால்தான் இப்படி ஒரு விருந்தை நடத்த முடியும். தம் தொழிலின் உறவுகள் அனைத்தையும் தம் ஆண்டவரின் வாசலுக்கு அழைத்து வந்தார் என்று மகிழத்தான் தோன்றுகிறது.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. வைணவர், முதலியாருக்குப் பதவிப் போட்டியாளர். அவர் சொல்வதைச் சற்றுக் கவனமாகவே படிக்க வேண்டும். ஆனால் அந்த விருந்தைப் பற்றி அவர் கேட்டது கூர்மையான கேள்வி. கிறிஸ்தவக் கோவிலின் விழா என்றால் கிறிஸ்தவ முறைப்படியல்லவா நடத்த வேண்டும்? இந்து முறைப்படி சாதி சாதியாகப் பந்தி வைப்பது எப்படிப் பொருந்தும்? நம் வீட்டுக் குறையைப் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டிக்காட்டியது போலிருக்கிறது.

அந்தக் கேள்வியின் கனத்தை உணர ஆறு வாரம் பின்னோக்கிப் போக வேண்டும். அப்போதைய சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரே திருப்பலியில் பறையர் ஒருபுறம், மற்றவர் மறுபுறம். 1745 அக்டோபரில் காரைக்காலில் பணியாற்றிய குரு ஒருவர் இங்கு வந்து அதைக் கண்டார். அவர் தந்த ஊக்கத்தால் பறையர் கிறிஸ்தவர்கள் மூத்த குருவிடம் போய், நாங்களும் உம் பிள்ளைகள்தானே என்று முறையிட்டார்கள். குருக்கள் சுவரை இடித்துவிட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் ஆளுநர் வரை போயிற்று.

நற்கருணைப் பந்திக்கு முன் நின்ற அந்தச் சுவரை எந்த மறைக்கல்வியும் கற்றுத் தரவில்லை. தெருவில் இருந்தது உள்ளே வந்தது. வெளியே சரக்கைத் தரம் பிரிப்பது போல உள்ளே மனிதரையும் பிரித்தோம். பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட அந்தச் சுவர் நின்றது. இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது 2016-இல்தான். முதலியாரின் காலத்திலிருந்து எண்ணினால் 271 ஆண்டுகள். முதலியாரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

விருந்து முடிந்து 11 வாரம் ஆவதற்குள், 1746 பிப்ரவரி 12-இல் முதலியார் இறந்தார். மகன் முன்பே இறந்துவிட்டதால், சொத்துக்காக அவருடைய தம்பிக்கும் மனைவிக்கும் தகராறு மூண்டது. தலைமைத் துபாசிப் பதவி, குருக்கள் விரும்பாத போதும், பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. ஒழுகரை விருந்துக்கு வந்தவர்களின் பட்டியல் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. சாதிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆறு வாரத்திற்கு முன் சுவருக்காக முறையிட்டவர்களின் பெயர் அதில் இல்லை.