பக்கியின் துயரை அறிந்த கவிஞர்: கென்ஜி மியாசாவா

உயிர்கள் யாவும் இன்புற்றிருக்க வேண்டுமென்று நாம் நாள்தோறும் சிந்திக்கின்றோம். ஆயினும் ஒரு பறவைக்கு இன்பமாவது யாது, அஃது எதனைப் பெரிதென மதிக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மனிதனின் ஆசைகளை விலங்கின் வாயில் வைத்துப் பேசச் செய்துவிட்டு, விலங்குக் கதை சொன்னதாக மகிழ்கின்றோம். இக்குறையை உணர்ந்து எழுதிய பௌத்தச் சான்றோர் ஒருவர் ஜப்பானில் வாழ்ந்தார். அவருடைய கதைகள் பின்னாளில் கார்ட்டூன் படங்களாகவும் வெளிவந்தன. அவரே கென்ஜி மியாசாவா.

ஜப்பான் என்றதும் அந்தமானில் வாழும் நம்மவர் உள்ளம் சற்றே தயங்கும். 1942 மார்ச் முதல் 1945 வரை அந்நாட்டுப் படையினர் இத்தீவுகளை ஆண்டனர். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை இம்மண் மறக்கவில்லை. அத்தகைய நாட்டின் கவிஞரை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று வினவுவோர்க்கு அவர் வாழ்வே விடை கூறும்.

கென்ஜி 1896 ஆகஸ்டு 27 அன்று, வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே மாநிலத்தைச் சேர்ந்த ஹனமாகி என்னும் ஊரில் பிறந்தார். குளிரால் பயிர் பொய்த்து, உழவர் அடிக்கடி வறுமையுற்ற நிலம் அது. தந்தையார் அடகுக் கடையும் பழந்துணி வாணிகமும் நடத்தினார். ஏழை உழவர் தம் உடைமைகளை அடகு வைத்துச் செல்லும் காட்சி மைந்தரின் நெஞ்சை வருத்தியது. அவர்தம் துன்பத்தால் தம் குடும்பம் வாழ்கின்றதே என்று அவர் நாணினார். 1914ஆம் ஆண்டு சத்தர்ம புண்டரீக சூத்திரத்தைப் பயின்று உள்ளம் உருகினார். அதன்பின் மொரியோக்காவில் வேளாண்மைக் கல்வி பெற்றார். 1918 முதல் புலால் உண்பதை விடுத்தார்.

1920இல் அவர் கொக்குச்சுகாய் என்னும் சங்கத்தில் சேர்ந்தார். இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. அச்சங்கம் சமயப் பற்றோடு நாட்டு வெறியையும் பிணைத்தது. அதன் நிறுவனர் தனாகா சிகாக்கு ஆக்கிய சொற்றொடர் பிற்காலத்தில் ஜப்பானியரின் போர் முழக்கமாயிற்று. ஆயினும் கென்ஜி 1924இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் ஒரு காகத்தின் கதை உள்ளது. காகப் படையின் தலைவன் ஒருவன் போரில் பகைக் காகத்தைக் கொல்கின்றான். பின்பு அதன் உடலை அடக்கம் செய்ய அனுமதி பெறுகின்றான். வெறுக்க இயலாத பகைவனைக் கொல்ல வேண்டாத உலகம் விரைவில் வர வேண்டும், அதற்காகத் தன் உடல் பன்முறை பிளக்கப்படினும் நன்றே என்று விண்மீன்களை நோக்கி வேண்டுகின்றான். இக்கதையை அந்நாட்டுப் படையினர் நெஞ்சில் கொண்டிருந்தால், நம் தீவுகளின் வரலாறு வேறாக இருந்திருக்கும் அன்றோ?

கென்ஜியின் அன்புத் தங்கை தோஷி 1922 நவம்பரில் காலமானாள். அத்துயரம் அவர் பாடல்களில் ஆழப் பதிந்தது. 1921 முதல் 1926 வரை வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் அப்பணியைத் துறந்து தாமே நிலத்தை உழுதார். உழவர்க்கு எந்நிலத்திற்கு எவ்வுரம் என்று கட்டணமின்றிக் கணித்துக் கொடுத்தார். எழுத்தினால் அவர் பெற்ற ஊதியம் ஐந்து யென் மட்டுமே என்பர். நரிக்குட்டிகள் தந்த பண்டத்தை இரு மனிதக் குழந்தைகள் ஐயமின்றி உண்ணும் கதைக்கு அது கிடைத்தது. நரி வஞ்சகம் உடையது என்பது மனிதர் கூற்று. அக்குழந்தைகள் தங்களை நம்பியதைக் கண்ட நரிக்குட்டிகளோ, இனி வாய்மை தவறோம் என்று ஆடிப் பாடுகின்றன.

அவருடைய விலங்குகள் தத்தம் இயல்பில் நின்றே அறம் உணர்கின்றன. மனிதன் செவிக்குக் குயிலின் கூவல் எல்லாம் ஒன்றே. குயிலுக்கோ பதினாயிரம் கூவலும் பதினாயிரம் வகையாகும். இதனைச் செல்லோ வாசிக்கும் கோஷ் என்னும் இளைஞன் ஒரு குயிலிடம் கற்கின்றான். அக்கதையை இசாவோ தகாஹாத்தா 1982இல் படமாக்கினார். வேறொரு கதையில் வேட்டைக்காரன் ஒருவனிடம் கரடி இரண்டாண்டு தவணை கேட்கின்றது. சொன்ன சொல் தவறாமல் இரண்டாண்டு கழித்து அவன் வாயிலில் வந்து உயிர் விடுகின்றது. கொல்வதை விரும்பாமலே வறுமையால் கொன்று வந்த அவ்வேட்டைக்காரன் இறுதியில் ஒரு கரடியால் மாண்டபோது, கரடிகள் சூழ்ந்து அவன் உடலைத் தொழுகின்றன.

பக்கியின் கதையோ நம் உள்ளத்தை விட்டு அகலாதது. தன்னைக் கொல்வதாக அச்சுறுத்தும் பருந்துக்கு அஞ்சிப் பறக்கும் பக்கியின் தொண்டையில் ஒரு வண்டு சிக்கித் துடிக்கின்றது. தான் அஞ்சும் சாவைத் தானே நாள்தோறும் பிறர்க்கு அளித்து வருவதை அஃது அப்போது உணர்கின்றது. இரை கொள்வதை நீத்து வானில் மேலும் மேலும் பறந்து விண்மீனாகின்றது. வேள்விக்கெனக் கட்டிய பசுவின் துயரைக் கண்டு பொறாத மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை அறிந்த நமக்கு இவ்வுள்ளம் புதிதன்று. கருவுற்ற மானுக்காகத் தன் தலையைக் கொடுக்க முன்வந்த ஆலமர மானின் ஜாதகத்தை நம் நாட்டுத் திரைப்படப் பிரிவு 1957இல் கார்ட்டூன் படமாக்கியதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

1933 செப்டம்பர் 20 மாலை, கடும் நோயிலும் கென்ஜி எழுந்து வந்து, உரம் பற்றி வினவிய உழவர் ஒருவருடன் நெடுநேரம் உரையாடினார். மறுநாள் 37ஆம் வயதில் மறைந்தார். சூத்திரத்தை ஆயிரம் படிகள் அச்சிட்டு நண்பர்க்கு வழங்க வேண்டுமென்பது அவர் இறுதி விருப்பம். தந்தையார் அதனை நிறைவேற்றினார். விண்மீன்களிடையே செல்லும் இரயிலைப் பற்றி அவர் எழுதிய கதை மறைவுக்குப் பின்னரே அச்சேறியது; 1985இல் பெரும்பாலான மாந்தரைப் பூனைகளாக வரைந்து அது படமாயிற்று.

நம் தீவுகளுக்கே உரிய அந்தமான் பக்கி இன்றும் அந்தி வேளையில் குரல் கொடுக்கின்றது. அக்குரல் நம் காதில் விழும்போது, அச்சிற்றுயிர் எதற்கு அஞ்சுகின்றது, எதனை நாடுகின்றது என்று ஒரு கணமேனும் நினைப்போமாக. கென்ஜிக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.